இரண்டு எருக்கந்தூண்கள்

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கமாகப் போகும் மின்சார ரயிலில் அம்பத்தூருக்கு அடுத்த ஸ்டேஷன் திருமுல்லைவாயில். அந்த வண்டியில் காலை வேளையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே யாரும் சரித்திரம் பேசுவதில்லை. ஓவர்டைம், சீட்டுப் பணம், பெண்ணுக்கு வரன், மேஸ்திரியின் அட்டகாசம், இவைதான் பேச்சு. அம்பத்தூரில் 1964-ஆம் ஆண்டு தொழிற்பேட்டை ஏற்பட்ட நாளிலிருந்து இந்தப் பக்கம் உருக்கும் இயந்திரமுமாக மாறிவிட்டது. இரண்டு ஸ்டேஷன் தள்ளியிருக்கும் ஆவடியிலோ கேட்க வேண்டியதில்லை. 1955-ஆம் ஆண்டு ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி 'சோஷலிஸ பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்ட அதே ஆவடியில், பத்து வருஷம் கழித்து, 1965-இல் 'விஜயந்தா' டாங்கி தொழிற்சாலையிலிருந்து உறுமிக்கொண்டு வெளியே வந்தது. இன்றைக்கும் அங்கே டாங்கிகள் செய்கிறார்கள்.

லேத் பட்டறைக்கும் டாங்கித் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு கோயில் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நந்தி தேவர் இறைவனைப் பார்த்தபடி கண் கொட்டாமல் உட்கார்ந்திருப்பதை நேயர்கள் பார்த்திருப்பீர்கள். அவருடைய கொம்புகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து, அவர் அனுமதி கொடுத்தார் என்று நாமாக வைத்துக்கொண்டு உள்ளே போவது வழக்கம். திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலில் அந்த வழக்கம் செல்லாது. சுவாமி கிழக்கே பார்க்கிறார். நந்தியும் கிழக்கே பார்க்கிறது. எஜமானனுக்கு முதுகைக் காட்டி இருக்கக்கூடிய சேவகன் உலகத்தில் ஒருவன்தான் உண்டு. வாசலில் காவல் இருக்கிறவன். இந்த நந்தி அப்படிப்பட்டது. எதிரி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எதிரி போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

யார் அந்த எதிரி? குறும்பர்கள். அவர்களுடைய கோட்டை இருந்த இடம் புழல். இன்றைக்குப் பத்திரிகை படிப்பவர்களுக்குப் புழல் என்றால் சிறைச்சாலை. சென்னையில் குழாயைத் திறப்பவர்களுக்குப் புழல் என்றால் ஏரி. ஒரு காலத்தில் தொண்டை மண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களில் அது ஒரு கோட்டத்தின் பெயர். திருமுல்லைவாயிலிலிருந்து கிழக்கு முகமாகச் சில மைல் போனால் வந்துவிடும். ஆக, நந்தி பார்த்துக்கொண்டிருக்கும் திசை ஏறக்குறையச் சரிதான்.

ஸ்தல புராணக் கதை இது. தொண்டைமான் என்னும் அரசன் குறும்பர்களின் மேல் படையெடுத்து வந்தான். முதல் நாள் போரில் தோற்றான். பின்வாங்கி வரும் வழியில் அவன் ஏறியிருந்த யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது. தோற்ற அரசனுடைய மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. யானையின் மேல் இருந்தபடியே வாளை உருவிக் கொடியை வெட்டினான். கொடியின் அடியிலிருந்து ரத்தம் பீறிட்டது. இறங்கிப் பார்த்தால் புதருக்குள் ஒரு சிவலிங்கம். அதன் உச்சியில் வெட்டுக்காயம். அரசன் பதறிப்போய் அதே வாளைத் தன் கழுத்துக்குக் கொண்டுபோனான். அப்போது இறைவன் தோன்றி, "வெட்டுப்பட்டும் நான் மாசு இல்லாத மணிதான்; கலங்காதே" என்று சொல்லி, நந்தியைத் துணைக்கு அனுப்பினாராம். மறுநாள் புழல் கோட்டை விழுந்தது. வென்ற அரசன் கோட்டையிலிருந்து இரண்டு எருக்கந்தூண்களைப் பெயர்த்துக்கொண்டு வந்து, இறைவன் சந்நிதிக்கு முன்னால் நாட்டினான். இன்றைக்கும் அந்த இரண்டு தூண்களைக் கோயிலில் பார்க்கலாம்.

அந்தக் காயத்தின் காரணமாக, வருஷம் முழுவதும் லிங்கத்தின் மேல் சந்தனக் காப்பு இருக்கிறது. சித்திரை மாதத்துச் சதய நட்சத்திரத்தையொட்டி ஒரு தடவை பழைய சந்தனத்தைக் களைந்து புதிய சந்தனம் சாத்துகிறார்கள். புண்ணுக்கு மருந்து போடுகிற மாதிரி. ஒரு வாள்வெட்டுக்கு இத்தனை நூற்றாண்டாக வருஷா வருஷம் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிற இன்னோர் ஊரை நான் பார்த்ததில்லை.

தமிழில் போரைப் பாடுவதற்கென்றே ஒரு பிரபந்த வகை உண்டு; பரணி. முதல் குலோத்துங்க சோழனுடைய படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், 1110-ஆம் ஆண்டை ஒட்டிக் கலிங்கத்தின் மேல் சென்று வென்றதை ஜெயங்கொண்டார் பாடியிருக்கிறார். அந்தக் கவியின் கற்பனையை என்னவென்று சொல்வது! போர்க்களத்தில் பேய்கள் கூடி, மாண்டவர்களின் உடலைக் கொண்டு கூழ் காய்ச்சிக் காளிக்குப் படைக்கின்றன. படிக்கப் படிக்க உற்சாகமாகத்தான் இருக்கிறது. அந்த உற்சாகம்தான் சில சமயம் என்னைப் பயப்படுத்துகிறது. அங்கே கொட்டுகிற ரத்தம் எல்லாம் எதிரியின் ரத்தம். ஆகையால் அது கூழுக்கு உலைநீர். திருமுல்லைவாயில் கதையிலும் ஒரு தொண்டைமான் வருகிறான், போர் நடக்கிறது, வெற்றியும் கிடைக்கிறது. ஆனால் ஊர் ஞாபகம் வைத்திருக்கும் ரத்தம் எதிரியின் ரத்தம் அல்ல, ஆண்டவனுடைய ரத்தம்.

இதை நான் என் சொந்தக் கெட்டிக்காரத்தனத்தால் கண்டுபிடிக்கவில்லை. ஒரு பெரியவரிடம் சூடுபட்ட பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். கதாநாயகன் தொண்டைமான். கதாநாயகனுக்கு வில்லன் வேண்டுமே? குறும்பர்களை வைத்துக்கொண்டேன். வாரா வாரம் அவர்கள் கள் குடித்தார்கள், ஊரைக் கொளுத்தினார்கள், பெண்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சித்திரக்காரர் தம் பங்குக்கு அவர்களுக்கு உருண்டை விழிகளையும் பெரிய மீசைகளையும் கொடுத்தார். கடிதங்கள் வந்து குவிந்தன. எல்லாம் பாராட்டுத்தான்.

தொடர்கதை முடிந்த சமயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வயதான மனிதர் ஒருவர் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வாட்ச்மேன் வேலை. திருமுல்லைவாயிலில் ஜாகை. சொந்த ஊர் வட ஆர்க்காட்டுப் பக்கம். பேத்திதான் அவருக்கு வாரா வாரம் கதையைப் படித்துக் காட்டுகிறவள்.

"ஐயா, நாங்க குறும்பருங்க. ஆடு மேய்ச்சு, கம்பளி நெய்த ஜனம்" என்றார்.

எனக்குத் தர்மசங்கடமாகப் போய்விட்டது. "கதைதானே பெரியவரே..." என்று இழுத்தேன்.

"கதைதாங்க. நல்லா இருந்திச்சு. ஒண்ணு மட்டும் கேக்கலாம்னு வந்தேன். தோத்தவங்கன்னா குடிகாரங்களாத்தான் இருக்கணுமாங்க?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லி இருப்பேன். சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டார். பேத்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்களுக்குக் காப்பி கொண்டுவரச் சொல்லிவிட்டு, வேறு விஷயம் பேசி அனுப்பி வைத்தேன்.

அதன் பிறகுதான் படிக்க வேண்டியதை எல்லாம் படித்தேன். கதை எழுதி முடித்த பிறகு சரித்திரம் படிக்கிற ஆசாமி நான் ஒருவன் மட்டும் அல்ல என்பது எனக்கு ஓரளவு ஆறுதல்.

இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரலாக இருந்த காலின் மெக்கன்சி என்ற வெள்ளைக்காரர், 1821-இல் காலமாகும் வரையில், நிலத்தை அளந்ததோடு நில்லாமல் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கைபீதுகளையும் ஏடுகளையும் திரட்டினார். அவற்றில் குறும்பர் கதையும் இருக்கிறது. சொன்னவர்கள் வென்ற பக்கத்தைச் சேர்ந்தவர்கள். ஆகையால் குறும்பர்களைப் புகழ வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. அப்படி இருந்தும் என்ன சொல்லி இருக்கிறார்கள்? காட்டில் திரிந்த அந்த ஜனங்கள், தங்களுக்குள் வழக்குத் தீர்த்து வைக்க ஒரு தலைவனைத் தேர்ந்துகொண்டார்களாம். அவனுக்குக் கமண்டக் குறும்பப் பிரபு என்று பெயர். புழலைத் தலைநகராக்கிக் கோட்டை கட்டினான். நாட்டை இருபத்துநான்கு கோட்டங்களாகப் பிரித்து ஆண்டார்கள். ஒரு சமண முனிவர் வந்து அவர்களைச் சமண மதத்தில் சேர்த்தார். பட்டிபுலம், மரக்காணம் முதலிய கடற்கரை ஊர்களில் கோட்டை கட்டிக்கொண்டு, காவிரிப்பூம்பட்டினத்து வர்த்தகர்களோடு கடல் வியாபாரம் நடத்தினார்கள்.

வழக்குத் தீர்க்க நியாயஸ்தலம், நாட்டுப் பிரிவினை, மதம், கப்பல் வியாபாரம்! என்னுடைய தொடர்கதையில் அவர்களுக்கு ஒரு ஓட்டைத் தோணிகூட நான் கொடுக்கவில்லை.

இந்தக் கைபீதுகளை அப்படியே நம்பிவிட முடியாது என்பதும் உண்மைதான். குறும்பர்களை வென்ற ஆதொண்டைச் சக்கரவர்த்தியைக் குலோத்துங்க சோழனுடைய மகன் என்று அவை சொல்லுகின்றன. குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்தது 1070-இல். ஆனால், அதற்கு மூன்று நூற்றாண்டு முன்னாலேயே வாழ்ந்த சுந்தரமூர்த்தி நாயனார், திருமுல்லைவாயில் தேவாரத்தில் தொண்டைமானையும் யானையையும் முல்லைக்கொடியையும் பாடிவிட்டார். பேரனுக்கும் பேரன் செய்த காரியத்தைப் பாட்டனார் காலத்திலேயே பாட முடியுமா? ராஜாக்களின் வம்சாவளியைத் திருத்துவதற்கு ஒரு பக்திப் பாட்டு சாட்சிக் கூண்டில் ஏறுவது தமிழ்நாட்டில் அடிக்கடி நடக்கிற காரியம்.

சுந்தரர் எந்த நிலைமையில் திருமுல்லைவாயிலுக்கு வந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தக் கதையைச் சொன்னவர் சேக்கிழார். பூந்தமல்லியிலிருந்து மாங்காட்டைத் தாண்டிப் போனால் வருகிற குன்றத்தூர்தான் அவர் பிறந்த ஊர். தொண்டை மண்டலத்துக்காரர், ஆகையால் இந்தப் பக்கத்து ஊர்களை அவருக்கு யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

திருவொற்றியூரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்த சங்கிலியைச் சுந்தரர் பார்த்தார், மனத்தைப் பறிகொடுத்தார். திருவாரூரில் பரவை காத்திருக்கிறாள் என்பது ஊருக்கே தெரியும். ஆகையால் சங்கிலி சத்தியம் கேட்டாள். 'உன்னைப் பிரிய மாட்டேன்' என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார். சாமர்த்தியமாக, 'நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும்' என்று இறைவனிடம் முன்னாலேயே பேசி வைத்திருந்தார். இறைவனோ சங்கிலியின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்! சேக்கிழார் இந்த இடத்தில் ஒரு கைதேர்ந்த நாவலாசிரியர்.

சில காலம் சென்றது. தென்றல் வீசியது. திருவாரூரில் வசந்த விழா வருகிறதே, பரவை ஆடுவாளே, பாடுவாளே என்ற நினைவு வந்துவிட்டது. சத்தியத்தை உடைத்தது பணமோ பதவியோ அல்ல, ஆட்டமும் பாட்டும். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டன. தடுமாறிக்கொண்டு வந்து சேர்ந்த ஊர்தான் திருமுல்லைவாயில். அங்கிருந்து திருவெண்பாக்கம் போனார்; அங்கே கண்ணுக்குப் பதிலாக ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய வெண்பாக்கம் இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் அதை மூழ்கடித்துவிட்டது. கோயிலை வேறு இடத்தில் எழுப்பி இருக்கிறார்கள்.) காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் திரும்பி வந்தன.

திருமுல்லைவாயிலில் அவர் பாடியது பதினொரு பாட்டு. தக்கேசிப் பண். ஓதுவார்கள் அதைக் காம்போதியில் பாடுவார்கள். காம்போதி சுகமான ராகம், கம்பீரமான ராகம். அழுகைக்கு அதைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் ஒரு ஓதுவார் இந்தப் பதிகத்தைப் பாடிக் கேட்டபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. பெரிய மனிதன் ஒருவன் தலை நிமிர்ந்தபடியே கண்ணீர் விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது. கெஞ்சுகிறார், ஆனால் குனியவில்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் 'இந்தத் துயரத்தைத் தீர்' என்று கேட்கிறார். ஒரு பாட்டில் சங்கிலியின் பெயரையே சொல்லி, அவளுக்காக என் கண்ணைப் பறித்தாயே என்று கேட்டுவிடுகிறார். இன்னொரு பாட்டில், இறைவன் தாளம் தப்பாமல் ஆடுகிற ஆட்டத்தையும், கொடி போன்ற இடையையுடைய உமை அதைக் கண்டுகொண்டிருப்பதையும் பாடுகிறார். அம்மனுக்கு அங்கே கொடியிடை நாயகி என்று பெயர். ஆட்டம் பார்க்கும் ஆசையால் கண்ணை இழந்தவர், ஆட்டத்தைக் கண்டுகொண்டிருக்கும் ஒருத்தியைப் பற்றிப் பாடும்போது அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்?

கடைசிக்கு முந்திய பாட்டில் தொண்டைமான் வருகிறான். யானையை முல்லைக்கொடியால் கட்டி நிறுத்தி அவனுக்குக் காட்சி கொடுத்தவனே என்று விளிக்கிறார். எல்லையற்ற இன்பம் பெற்றானாம் அரசன்.

நேயர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாள் எங்கே? வெட்டு எங்கே? ரத்தம் எங்கே? சுந்தரருடைய பாட்டில் அவை இல்லை. குறும்பர்களும் இல்லை, எருக்கந்தூணும் இல்லை. அரசன், யானை, கொடி, ஆனந்தம், அவ்வளவுதான். வெட்டும் காயமும் சந்தனமும் ஸ்தல புராணத்தில் வருகின்றன. கதை காலத்தோடு வளரும்போது வெற்றி பெரிதாகும், யானை நூறாகும், எதிரிக்குப் பத்துத் தலை முளைக்கும்; அதுதான் நாம் கண்ட வழக்கம். எதிரிக்குத் தலை முளைக்காமலும் இல்லை. குறும்பர்களை அசுரர்கள் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. புழலில் இருந்த இருவருடைய பெயரைக்கூட ஒரே மாதிரி சொல்லுவதில்லை. ஓணன், காந்தன் என்பார்கள் சிலர். ஓணன், வாணன் என்பார்கள் வேறு சிலர். தோற்றவனுடைய பெயரைச் சரிபார்க்க யாருக்குப் பொழுது இருக்கிறது? ஆனால் இத்தனைக்கும் நடுவே அந்தக் காயமும் வளர்ந்து வந்திருக்கிறது. ஆனந்தத்தோடு முடிந்த பாட்டுக்குள் பிற்காலத்து ஜனங்கள் ஒரு வெட்டுக்காயத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எந்தப் புலவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஒரு நாட்டைப் பிடிக்க உருவிய வாள், வேறு யாரோ ஒருவர் மேலும் படத்தான் செய்யும் என்று அவர்களுக்குத் தோன்றி இருக்க வேண்டும்.

சேக்கிழாருடைய விஷயத்திலும் ஒரு யுத்தம் உண்டு; புத்தக யுத்தம். அவர் இரண்டாம் குலோத்துங்கனுக்கு, அதாவது அநபாய சோழனுக்கு, அமைச்சர். பரணி பாடப்பட்ட முதல் குலோத்துங்கனுக்கு இவன் பேரன். 1133-இல் பட்டத்துக்கு வந்தவன். அவன் சமண காவியமான சீவக சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தானாம். அமைச்சருக்குப் பொறுக்கவில்லை. அதைத் தள்ளி வைக்கச் செய்து, சிவனடியார்களுடைய சரித்திரத்தைப் பாடிக் கொடுத்தார். அதுதான் பெரிய புராணம். உமாபதி சிவம் சேக்கிழார் புராணத்தில் சொல்லும் வரலாறு இது.

அமைச்சர் வென்றார், சந்தேகமில்லை. சோழ நாடு முழுவதும் பெரிய புராணம் முழங்கியது. ஆனால் தோற்ற புத்தகம் செத்துவிட்டதா? அதை ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டு 1887-இல் அச்சிட்டு நம் கையில் கொடுத்த மகான் யார்? உத்தமதானபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறைச் சைவ மடத்தில் படித்த உ. வே. சாமிநாதையர்! திருநீறு அணிந்த அந்த நெற்றி, ஒவ்வொரு சமணச் சொல்லுக்கும் பொருள் தேடிச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்தது. புழலில் குறும்பர் கோட்டை இன்று இல்லை. ஆனால் ஆதிநாதர் சமணக் கோயில் இருக்கிறது, பூஜையும் நடக்கிறது.

தமிழில் தோற்றவர்களே பாடிய பாட்டும் உண்டு. மூவேந்தரும் சூழ்ந்து பாரியைக் கொன்ற பிறகு, அவனுடைய பெண்கள் இருவரும் போன மாதத்து நிலவையும் இந்த மாதத்து நிலவையும் வைத்துப் பாடிய சின்னஞ்சிறு பாட்டு புறநானூற்றில் இருக்கிறது. மூவேந்தருடைய முரசங்கள் எல்லாம் ஓய்ந்துவிட்டன. அந்தப் பாட்டு ஓயவில்லை. ஆனால் அதற்குக் குலம் வேண்டும், கல்வி வேண்டும், கபிலரைப் போன்ற ஒரு நண்பர் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆட்டு மந்தையோடு போய்விட்ட குறும்பப் பெண் எந்த நிலவைப் பார்த்து என்ன பாடினாளோ, எழுதி வைக்க ஆள் இல்லை.

அப்படிப்பட்ட சமயத்தில் வென்றவன்தான் எழுத வேண்டும். கிரேக்க தேசத்தில் ஒருவர் எழுதினார். ஈஸ்கிலஸ் என்ற நாடகாசிரியர் பாரசீகர்களை எதிர்த்து மாரத்தான் களத்தில் வாள் பிடித்தவர். அங்கே தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். கி.மு. 480-இல் சாலமிஸ் கடற்போரில் பாரசீகக் கப்பற்படை அழிந்தது. எட்டே வருஷம் கழித்து, ஏதென்ஸ் நகரத்து அரங்கில் 'பாரசீகர்' என்ற நாடகத்தை அவர் நடத்தினார். நாடகம் நடக்கும் இடம் ஏதென்ஸ் அல்ல, பாரசீக அரண்மனை. மகன் திரும்பி வருவானா என்று ஒரு தாய் காத்திருக்கிறாள். தூதன் வந்து மாண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறான். நாடகம் முழுவதும் ஒப்பாரி. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களில் எத்தனையோ பேர் அந்தப் பாரசீகர்களைத் தங்கள் கையாலேயே கொன்றவர்கள். அவர்கள் அந்த நாடகத்துக்கு முதல் பரிசு கொடுத்தார்கள்.

இதைப் படித்த அன்றைக்குப் பழைய பத்திரிகைக் கட்டை எடுத்து என் தொடர்கதையைப் புரட்டினேன். பதினைந்தாவது அத்தியாயத்தில் கோட்டை விழுகிறது. உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

மறு ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலுக்குப் போனேன். பெரியவருடைய வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அவரையும் பேத்தியையும் கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனேன். அந்த ஊரிலேயே குடியிருந்தும் அவர் அந்தத் தூண்களைச் சரியாகப் பார்த்ததில்லை. நந்தியோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறவர். உள்ளே போய் நான் தூண்களைக் காட்டினேன்.

எருக்கு என்பது செடி. புழுதி மேட்டில் முளைக்கிற செடி. நம் ஊரில் ஒருவரைச் சபிக்க வேண்டுமென்றால், 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்பார்கள். பாழடைந்த வீட்டுக்கு அது அடையாளம். அப்பேர்ப்பட்ட எருக்கு, தூணாகிற அளவுக்கு வயிரம் பாய்ந்து நிற்கிறது என்று சொன்னால், அதை வளர்த்தவர்கள் எத்தனை தலைமுறை அந்த இடத்தில் வாழ்ந்திருப்பதாகச் சொன்னவர்கள் நினைத்திருக்க வேண்டும்! பாரியின் நண்பர் கபிலர் ஒரு பாட்டில் சொல்லுகிறார்: கொடுப்பது எருக்கம்பூவாகவே இருந்தாலும், தெய்வம் அதை வேண்டாம் என்று சொல்லாது. இங்கே கொடுத்தவன் வேறு, உடையவன் வேறு.

அன்றைக்குக் கோயிலில் ஓதுவார் இருந்தார். கேட்டுக்கொண்டதன் பேரில் பதிகத்தைப் பாடினார். பத்தாவது பாட்டு வந்ததும் நான் பெரியவரிடம், "இதுதான் தொண்டைமான் பாட்டு" என்றேன்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இதிலே எங்க ஜனம் பேரு வருதுங்களா?" என்று மெதுவாக விசாரித்தார்.

"இல்லை" என்றேன்.

"அப்போ குடிச்சாங்கன்னும் வரலீங்களே" என்றார்.

பேத்தி அதற்குள் ஒரு தூணை அணுகி, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றபடி கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அர்ச்சகர், "தொடக் கூடாது அம்மா" என்றார். "தொடலை சாமி, பார்க்கிறேன்" என்றாள் அவள். வெளியே வந்ததும் தாத்தா அவளுக்கு ஒரு முழம் முல்லைப் பூ வாங்கிக் கொடுத்தார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. அவருக்கு இரண்டு மணிக்குப் பட்டறையில் டூட்டி. மூன்று பேரும் ஸ்டேஷனைப் பார்க்க நடந்தோம்.